கண்ணை மூடிச் சொன்ன சாட்சி

லாங்காஸ்டர்
3 ஆகஸ்ட் 1997

அன்புள்ள எனிட்,

எட்டு மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். பயப்படாதே, திட்டுவதற்காக எழுதவில்லை. திட்டுவதற்கு இருந்ததையெல்லாம் நவம்பரிலேயே போனில் திட்டித் தீர்த்துவிட்டேன்.

இருப்பதை ஒரே தடவை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நார்மன் டைசனை மோதிக் கொன்ற பேக்கரி வேனிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறி ஓட்டிக்கொண்டு போனது, உன் ஊர்ப் பேக்கரியில் வேலை பார்த்த என் மகன் கிரெய்க்தான் என்று நீ போலீஸிடம் சொல்லியிருக்கிறாய். சாவியோடு வேனை பேக்கரி வாசலில் விட்டேன், யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று அவன் சொல்கிறான். நான் பெற்றவள், அவனை நம்புகிறேன். நீ உன் கண்ணை நம்புகிறாய். அக்டோபரில் நீதிமன்றம் இரண்டையும் கேட்டுக்கொள்ளட்டும். வழக்கைப்பற்றி இனி ஒரு கடிதத்திலும் ஒரு வார்த்தை எழுதமாட்டேன். உன் வாக்குமூலத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லமாட்டேன். என் கடிதங்களை எல்லாம் பத்திரமாக வைத்திரு. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

நான் எழுதுவது உன் உடம்பைப்பற்றி. உன் பக்கத்து வீட்டு மார்ஜரி எழுதியிருந்தாள், நீ பாதியாக இளைத்துவிட்டாய் என்று. அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினைந்து. அன்றிலிருந்து உனக்குத் தலைசீவி விட்டவள் நான். உன்னோடு சண்டை போடலாம், ஆனால் நீ சாப்பிடாமல் இருப்பதை என்னால் தாங்க முடியாது. ஒளிக்காமல் எழுது.

உன்
தெல்மா


ஹார்ஸ்பி
9 ஆகஸ்ட் 1997

அன்புள்ள தெல்மா,

உன் கடிதத்தை அடுப்படியிலேயே நின்று படித்தேன். உருளைக்கிழங்கு அடிப்பிடித்துக் கருகியதுகூடத் தெரியவில்லை. படித்து முடித்ததும் நன்றாக அழுதேன். நீ எழுதுவாய் என்று நான் நினைக்கவே இல்லை.

மார்ஜரி சொன்னது உண்மைதான். கை நடுங்குகிறது. கோடை விடுமுறைக்கு முந்தின வாரம் பள்ளிச் சமையலறையில் அறுபது பிள்ளைகளுக்கான கஸ்டர்டைத் தட்டோடு தரையில் கொட்டினேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது, யார் என்ன கேட்டாலும் 'ஆங்?' என்கிறேன். இப்படியே போய்ச் சாட்சிக் கூண்டில் நின்றால் என் பெயரையே மறந்துவிடுவேன்.

அந்தச் சாயங்காலம் தினமும் வருகிறது. நாலரை மணி, மழை, என் ஜன்னலுக்கு எதிரே ஈரச் சாலை. டைசனின் நாய் மட்டும் வாரை இழுத்துக்கொண்டு நின்றது. வழக்கைப்பற்றிப் பேசவேண்டாம் என்று நீ சொன்னாய், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். டைசனின் மனைவி ஜாய்ஸின் நூற்கண்டுக் கடையைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்குப் போகவேண்டும். போன வாரம் வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர் பாத்திருக்கீங்கங்கற தைரியத்துலதான் நான் கடையத் தெறக்கறேன் எனிட்" என்றாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு சாட்சி கிடையாது.

கிரெய்க் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? வாராவாரம் இங்கே சாப்பிட வந்த பழக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை இன்னும் அவனுக்கும் சேர்த்தே உருளைக்கிழங்கு உரித்துவிடுகிறேன். சீராட்டின கையாலேயே அவனைக் காட்டிக்கொடுத்தேன் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான்.

எனிட்


லாங்காஸ்டர்
13 ஆகஸ்ட் 1997

அன்புள்ள எனிட்,

அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு. நான் சொல்கிறதைக் கேள்.

மூன்று வருஷத்துக்கு முன் நான் சிகரெட்டை விட்டேனே, எப்படி விட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மனோவசிய வைத்தியம். சிரிக்காதே! பிளாக்பூலில் மேடையில் ஒரு ஆசாமி, இறைச்சிக் கடைக்காரரைக் கோழியாகக் கொக்கரிக்க வைத்தானே, அந்தக் கூத்து இல்லை இது. முறையாய்ப் படித்துப் பட்டயம் வாங்கினவர்கள் செய்வது. உன் பக்கம் காக்கர்மவுத்தில் கண்ணாடிக் கடைக்கு மாடியில் ஜூடித் ரெல்ஃப் என்று ஒரு அம்மாள் இருக்கிறாள். விசாரித்துவிட்டேன், நல்ல பெயர்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன், போய் முழிக்காதே. முதல் தடவை வெறும் பேச்சுதான். இரண்டு பக்கப் படிவம் ஒன்று கொடுப்பார்கள். கேட்டதற்கு மட்டும் எழுது. நரம்புத் தளர்ச்சிக்குப் போகிறவள் ஊர்க்கதை எல்லாம் அளக்கவேண்டியதில்லை. அடுத்த தடவைதான் மயக்கம். சாய்வு நாற்காலி, காலுக்குக் கம்பளி. செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், கிழியாத காலுறை போட்டுக்கொண்டு போ. காபி குடிக்காதே. கழிவறைக்குப் போய்விட்டு உட்கார். மூச்சை எண்ணச் சொல்வார்கள். கை கனக்கும், அப்புறம் கை இருப்பதே மறந்துபோகும். தூங்கமாட்டாய். தெருவில் பஸ் போவதுகூடக் கேட்கும். எழுந்து போகவேண்டுமென்றால் எழுந்து போகலாம். உனக்கு விருப்பம் இல்லாததை யாராலும் உன்னைச் செய்யவைக்க முடியாது. சில பேருக்குக் கண்ணீர் வரும், சில பேருக்குச் சிரிப்பு வரும். நான் குறட்டை விட்டேன்.

முடிந்ததும் ஒரு கேசட் தருவார்கள், வீட்டில் போட்டுக் கேட்க.

போய்ப் பார். நீ நிமிர்ந்து நின்று நடுங்காமல் பேசவேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். என்ன பேசுகிறாய் என்பது உன் விஷயம்.

தெல்மா


ஹார்ஸ்பி
28 ஆகஸ்ட் 1997

அன்புள்ள தெல்மா,

போனேன்! நேற்று மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டு வந்தேன். மிஸஸ் ரெல்ஃப் மந்திரவாதி மாதிரி இருப்பாள் என்று நினைத்தால், நம்ம தபால் நிலையத்து அம்மாள் மாதிரி கம்பளிச் சட்டையும் தட்டைச் செருப்புமாக இருக்கிறாள். ஜன்னலில் ஒரு ஜெரேனியம் தொட்டி. குரல் மட்டும் தனி. சூடான பால் மாதிரி.

ஒரு மணி நேரம் நான்தான் பேசினேன். தூக்கம், நடுக்கம், கஸ்டர்ட். "எதாவது பாத்து பயந்தீங்களா?" என்று கேட்டாள். ஒரு விபத்தைப் பார்த்தேன் என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஆனால் தெல்மா, படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. எந்த வழக்கிலாவது சம்பந்தப்பட்டிருக்கிறீர்களா, ஆம், இல்லை என்று. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். வழக்கு அரசாங்கத்துடையது. நான் யார் மேலேயும் போடவில்லை, என் மேலேயும் யாரும் போடவில்லை. கேட்டதற்கு மட்டும் எழுது என்று நீயும் சொல்லியிருந்தாய். 'இல்லை' என்பதில் குறி போட்டேன். சரிதானே? வரும் வழியெல்லாம் பல்லில் நார் மாட்டின மாதிரி அதுவே உறுத்திக்கொண்டிருந்தது. நீ பத்தொன்பது வருஷமாக வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள், உனக்குத் தெரிந்திருக்கும். உடனே எழுது.

எனிட்


லாங்காஸ்டர்
1 செப்டம்பர் 1997

அன்புள்ள எனிட்,

ஜெரேனியம் என்றதும் எனக்கும் அங்கே போய் உட்கார ஆசையாக இருந்தது.

படிவத்தைப்பற்றிக் கேட்டிருந்தாய். வைத்தியம் சம்பந்தப்பட்டது உனக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் இருப்பது, அதில் நான் மூக்கை நுழைப்பது சரியில்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் மூன்று தடவை எனக்கு ஒரு பலனும் இல்லை. மூச்சை எண்ணினேன், வெளியே வந்து ஒரு சிகரெட் பற்றவைத்தேன். நாலாவது தடவைதான் அந்த டாக்டர் என்னை என் முதல் சிகரெட்டுக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். பதினாறு வயது, கரிக்கொட்டகைக்குப் பின்னால், அப்பாவின் பெட்டியிலிருந்து திருடினது. அந்தப் புகையின் வாசனைகூட வந்தது! அன்றைக்கு விட்டவள்தான். பயம் எங்கே பிடித்ததோ அங்கே போனால்தான் விடும் போலிருக்கிறது. என் விஷயத்தில் அப்படி. உன் விஷயம் உனக்குத் தெரியும்.

நன்றாகச் சாப்பிடு, அசடே.

தெல்மா


ஹார்ஸ்பி
12 செப்டம்பர் 1997

அன்புள்ள தெல்மா,

எழுதவே கை பரபரக்கிறது. நடுக்கம் இல்லை, பார், கையெழுத்து எப்படி நேராக இருக்கிறது!

புதன்கிழமை போனதும் நானே சொல்லிவிட்டேன், அந்தச் சாயங்காலத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. மிஸஸ் ரெல்ஃப் கொஞ்சம் தயங்கினாள். "முதல்ல சும்மா இளைப்பாறிப் பாப்போமே, அவசரம் என்ன?" என்றாள். வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எனக்கே ஆச்சரியம், நான் என்றைக்குப் பிடிவாதம் பிடித்திருக்கிறேன்?

நீ சொன்ன மாதிரியேதான். கை கனத்தது, பிறகு காணாமல் போயிற்று. கீழே கண்ணாடிக் கடை மணி அடித்தது கேட்டது. அப்புறம் அவள் சொன்னாள், "ஒரு டிவில பாக்கற மாதிரி பாருங்க. ரிமோட் உங்க கையில இருக்கு. நிறுத்தணும்னா நிறுத்துங்க. வெளிச்சம் பத்தலைன்னா கூட்டிக்கங்க." நான் கூட்டினேன் தெல்மா. மழை, சாலை எல்லாம் பளிச்சென்று பட்டப்பகல் மாதிரி ஆயிற்று. அவன் பச்சைத் தொப்பி போட்டிருந்தான், பேக்கரித் தொப்பி. அதுவரை எனக்கு அது ஞாபகமே இல்லை. வேனில் ஏறுவதற்கு முன்னால் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தான்.

வழக்கைப்பற்றி எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எழுந்தபோது முகமெல்லாம் கண்ணீர், ஆனால் உள்ளே அலம்பிவிட்ட மாதிரி இருந்தது. வந்த நாளிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன். முழுவதும் கேசட்டில் இருக்கிறது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. உனக்குக் கோடிப் புண்ணியம்.

எனிட்


லாங்காஸ்டர்
15 செப்டம்பர் 1997

அன்புள்ள எனிட்,

நீ தூங்குகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே தூங்காத ஆள் நான்தான். விடிகிறவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சூடான பால் மாதிரிக் குரல் என்றாயே, கொடுத்துவைத்தவள் நீ. என் பழைய கேசட் டேப் சிக்கி அறுந்துபோய் வருஷமாகிறது.

வேறு விசேஷம் இல்லை.

தெல்மா


ஹார்ஸ்பி
2 அக்டோபர் 1997

அன்புள்ள தெல்மா,

கேசட்டை மறுநாளே அனுப்பினேனே, வந்து சேர்ந்ததா? மூச்சு எண்ணுகிற முதல் கால் மணி நேரத்தை மட்டும் கேள். மீதி உனக்குக் கஷ்டமாக இருக்கும். நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை பர்கெட் வந்தார், கேஸைப் பார்க்கிற துப்பறிவாளர். கோர்ட்டுக்கு எப்படி வரவேண்டும், எங்கே உட்காரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். டீயும் இஞ்சி பிஸ்கட்டும் கொடுத்தேன். இப்போது எல்லாம் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, தொப்பிகூட ஞாபகம் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

"தொப்பியா? உங்க வாக்குமூலத்துல தொப்பி கிடையாதே, மிஸ் டாட்."

"இப்பதான் வந்துச்சு."

"இப்பதான்னா? எப்படி?"

சொன்னேன். பிஸ்கட்டைப் பாதியில் வைத்துவிட்டார். "யாரு போகச் சொன்னது?" என்று கேட்டார். அக்கா என்றேன். "உங்க அக்கா எங்க வேலை பாக்கறாங்க?" அதையும் சொன்னேன். அதற்கு மேல் அவர் டீயைத் தொடவில்லை. வெளியே போய்க் காரில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல் பத்து நிமிஷம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன தப்பு செய்தேன்? தயவுசெய்து எழுது.

எனிட்


ஹார்ஸ்பி
8 அக்டோபர் 1997

தெல்மா,

மூன்று தடவை போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருக்கிறது. கேசட்டை மட்டும் திருப்பி அனுப்பிவிடு. மிஸஸ் ரெல்ஃப் கேட்கிறாள். அவள் குரலும் மாறிப்போயிருக்கிறது.

எனிட்


ஹார்ஸ்பி
15 அக்டோபர் 1997

தெல்மா,

நேற்று கோர்ட்டு நடைகூடத்தில் நீ என்னைத் தாண்டிப் போனாய். நீலக் கோட்டு போட்டிருந்தாய். தலையைத் திருப்பவில்லை.

ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அந்தக் கேசட்டைப் போட்டார்கள். ஒரு நாடா இயந்திரத்தில், நீதிபதிக்கு முன்னால். என் குரல்! குழந்தை மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறேன். "வெளிச்சத்தைக் கூட்டறேன்... கூட்டறேன்..." பின்னால் யாரோ செருமினார்கள். மிஸஸ் ரெல்ஃபை நிற்கவைத்துக் கேட்டார்கள். அந்தப் படிவத்தைக் காட்டினார்கள், நான் 'இல்லை' என்று குறி போட்ட இடத்தில் விரலை வைத்து. அவள் என் பக்கம் பார்த்த பார்வை இருக்கிறதே, பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

கிரெய்கின் வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. மனோவசியத்தில் போய்வந்தவர்களுக்கு எது கண்ணால் பார்த்தது, எது மயக்கத்தில் கற்பித்துக்கொண்டது என்று அவர்களுக்கே தெரியாது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்களோ அவ்வளவு ஆபத்து என்றார். ஒரு தடவை கலந்துவிட்டால் பிரிக்க முடியாதாம். நீதிபதி ஒத்துக்கொண்டார். என்னைக் கூண்டில் ஏற்றவே இல்லை. என் கண்ணைத் தவிர அரசாங்கத்திடம் வேறு சாட்சியும் இல்லை. ஜூரிகளைத் திரும்பக் கூப்பிட்டு, குற்றவாளி அல்ல என்று சொல்லச் சொன்னார்கள். அரை நாளில் முடிந்துவிட்டது.

அந்தக் கேசட் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. நான் அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பினேன்.

பத்தொன்பது வருஷமாக எத்தனை கேஸ்கட்டு டைப் அடித்திருப்பாய்? மனோவசியத்துக்குப் போன சாட்சி செல்லாது என்று உனக்கு முதல் கடிதத்திலிருந்தே தெரியும். நான் நிமிர்ந்து நின்று பேசவேண்டும் என்று எழுதினாயே, அந்த வரியை எழுதும்போது உன் கை கூசவில்லையா?

ஜாய்ஸ் டைசன் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். கையுறையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

எனிட்


லாங்காஸ்டர்
20 அக்டோபர் 1997

அன்புள்ள எனிட்,

நீ கோபமாக இருக்கிறாய். இருக்கலாம், அந்த உரிமை உனக்கு உண்டு.

என் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தடவை படித்துப் பார். சாட்சி சொல்லாதே என்று எழுதியிருக்கிறேனா? படிவத்தில் இப்படிக் குறி போடு என்று? அந்தச் சாயங்காலத்துக்குப் போ என்று? கேசட்டை அனுப்பு என்று? எதையுமே நான் கேட்கவில்லை. நீயாகச் செய்தாய். நீ பொய் சொல்லவும் இல்லை, உன் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது. அது எனக்கு முக்கியமாக இருந்தது, நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

எனக்கு ஒரே பிள்ளை. அவனுக்கு இருபத்துநாலு வயது. ஐந்து வருஷம் உள்ளே போட்டிருப்பார்கள். நீ பெற்றிருந்தால் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு வா. கோபம் அதற்குள் ஆறிவிடும்.

தெல்மா


லாங்காஸ்டர்
11 நவம்பர் 1997

எனிட்,

கிரெய்க் அங்கே வந்தானா? சனிக்கிழமை காலையில் பேப்பர் வாங்கிவருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. துணிப் பை ஒன்றைக் காணோம். தீர்ப்பு வந்ததிலிருந்து அவன் சரியாக இல்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருக்கிறான், சாப்பாட்டை வைத்தால் முறைத்துப் பார்க்கிறான். எல்லாம் முடிந்துவிட்டதடா, இனி ஒருத்தரும் உன்னைத் தொட முடியாது என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். அதைச் சொன்னால்தான் அவனுக்கு வெறி வருகிறது.

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். சரி, வேண்டாம். 'இருக்கிறான்' என்று ஒரு வார்த்தை எழுது, போதும். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தெல்மா


ஹார்ஸ்பி
18 நவம்பர் 1997

தெல்மா,

இருக்கிறான். உன் கடிதம் வந்தவுடன் எழுதியிருக்கவேண்டும். ஐந்து நாள் வேண்டுமென்றே எழுதவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் வஞ்சம் தெரிகிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இனிமேல் தாமதிக்க நேரமில்லை.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம், மாட்டிறைச்சியை அடுப்பிலிருந்து எடுக்கிற சமயத்தில் பின்கதவு வழியாக வந்தான். அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். நான் தட்டை வைத்தேன், வேறு என்ன செய்வது? தொடவில்லை.

"ஆன்ட்டி, நீங்க பாத்தது என்னைத்தான்" என்றான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். கேட்கவேண்டும் என்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. "நீ தொப்பி போட்டிருந்தியா கிரெய்க்?"

"இல்ல. தொப்பி சீட்டுலயே கெடந்துச்சு."

"என் ஜன்னலை நிமிந்து பாத்தியே?"

"பாக்கல ஆன்ட்டி. பாத்திருந்தா, நீங்க நிக்கறது தெரிஞ்சிருந்தா, ஓடியிருக்க மாட்டேன்."

ஆக, அந்த வக்கீல் சொன்னதும் சரிதான். தொப்பி நான் கற்பித்துக்கொண்டது. ஆனால் இந்த நிமிஷம் கண்ணை மூடினாலும் தொப்பியோடுதான் வருகிறான், நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான். நான் உண்மையில் பார்த்த முகம் போய்விட்டது. அதை எங்கேயிருந்தும் திருப்பி வாங்க முடியாது. நீ என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாய் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் நினைத்தானாம். "அம்மா அழுதாங்க. நான் சொல்ற மாதிரி சொல்லுடா, மீதிய நான் பாத்துக்கறேன்னாங்க" என்றான். திங்கட்கிழமை அவனே பர்கெட்டிடம் போனான். நானும் கூடப் போனேன். பர்கெட் கடைசிவரை கேட்டார். எழுதிக்கொள்ளவில்லை. "ஒரு தடவை விடுதலையான ஆளை அதே கேஸுல திரும்ப நிறுத்த முடியாது தம்பி. நீ சந்தையில நின்னு கத்தினாலும் ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குப் போ." இவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்ப நான் யாருகிட்டதான் போறது?" என்று கேட்டான்.

ஜாய்ஸிடம் போனான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவள் கடையில் யாரும் இல்லை. இவன் சொல்லி முடிக்கிறவரை நூற்கண்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். "கோர்ட்டு உன்ன விட்டுருச்சுல்ல? போ. என்கிட்ட எதுக்கு வர்ற? நான் விடணுமா உன்னை? நான் விடமாட்டேன்" என்று சொல்லி, கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் நாலேகாலுக்கு ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். கடற்சுவர் ஓரமாக, டைசன் நடந்த அதே பக்கம், வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறான். வளைவு வரை போகிறான், திரும்புகிறான், மறுபடியும் போகிறான். முழுக்க இருட்டுகிறவரை. அங்கே வண்டிகள் எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். இரண்டாம் நாள் ஒரு லாரி அவன் கோட்டை உரசிக்கொண்டு போயிற்று. அவன் ஒதுங்கவில்லை. கத்திக்கொண்டு ஓடினேன். "சும்மா நடக்கறேன் ஆன்ட்டி" என்கிறான். டாக்டரிடம் சொன்னேன், வியாழக்கிழமை அழைத்துவரச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு சாயங்காலம் இருக்கிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது. நீ பேச ஆரம்பித்தால் நான் ஒன்பது வயதுப் பெண்ணாகிவிடுகிறேன், நீ சொல்கிறதெல்லாம் நான் நினைத்ததாகவே ஆகிவிடுகிறது. மிஸஸ் ரெல்ஃபின் மாடி அறையில்கூட எனக்கு அப்படி ஆகவில்லை. அதனால் எழுதுகிறேன். முதல் வகுப்புத் தபாலில் போட்டால் நாளைக் காலையில் உன் கையில் இருக்கும். காரை எடுத்துக்கொண்டு வா. நீ வந்து, 'நீதான் செய்தாய் என்று எனக்குத் தெரியும்' என்று ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துச் சொல். நீ ஒருத்திதான் இன்னும் அவனிடம் 'நீ செய்யவில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

மாடியில் அவன் பூட்ஸ் போடுகிற சத்தம் கேட்கிறது. மூன்றாம் நாளிலிருந்து நானும் கூடவே போகிறேன். மார்ஜரியின் வெள்ளை மழைக்கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். அவனைச் சுவர்ப்பக்கம் விட்டு, நான் சாலைப் பக்கம் நடக்கிறேன். சுவர்ப்பக்கம் வாங்க ஆன்ட்டி என்று சத்தம் போடுகிறான், நான் காதில் வாங்குவதில்லை. நேற்று ஒரு வேன்காரன் எங்களுக்கு ஒரு முழம் தள்ளிப் பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கிக் கன்னாபின்னாவென்று திட்டினான்.

மணி நாலு பத்து. மழை தூறுகிறது. கோட்டு நேற்று நனைந்தது இன்னும் காயவில்லை, அதையே போட்டுக்கொண்டு போகவேண்டும். போகிற வழியில் இதைத் தபால்பெட்டியில் போடுகிறேன். சீக்கிரம் வா தெல்மா.

எனிட்